பல் செட் அக்காவின் மூன்றாவது கேள்வி

அக்கா கையிலிருக்கும் பல் செட்டின் கீழ்வரிசையை மேல்வரிசையோடு சேர்த்து ‘டக் டக்’ என்று இரண்டு முறை மூடித் திறக்கிறார். மூன்றாவது முறை காதருகே கொண்டுபோய் மூடுகிறார். சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. வலது பக்கக் கடைவாய்ப் பல்லை லேசாக ராவிவிட்டு மறுபடியும் காதுக்குக் கொண்டுபோகிறார். மேசைமேல் சாய்த்து வைத்திருக்கும் ஃபோனில் ஓர் ஆண்குரல் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறது. ஏதோ சிமெண்ட் கம்பெனிப் பங்காம். காலையிலிருந்து ஏறிக்கொண்டே போகிறதாம். இப்போது விட்டால் கிடைக்காதாம். வாங்கட்டுமா?

“எதுக்கு வாங்குற?” என்கிறார் பற்களைப் பார்த்தபடியே.

“ஏறுதுக்கா.”

“அது உனக்கு முன்னாடி வாங்கினவன் சொல்ல வேண்டிய காரணம். உன் காரணம் என்ன?”

மறுமுனையில் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

“சரி, எங்க நிறுத்துவ?”

எந்த விலைக்கு இறங்கினால் நஷ்டத்தோடு விற்றுவிட்டு வெளியே வருவாய் என்று பொருள். “அதை அப்புறம் பாத்துக்கலாம்க்கா” என்கிறது குரல்.

“தப்பாப் போச்சுன்னா வீட்டுல எப்படிச் சொல்லுவ? சொல்லிக் காட்டு.”

குரல் சிரிக்கிறது.

“சிரிக்காத. நான்தான் உன் பொண்டாட்டின்னு வச்சுக்க. இப்பதான் வேலை முடிஞ்சு வந்து உக்காந்திருக்கேன். ஆரம்பி.”

சவாரி வந்துவிட்டதாகச் சொல்லிக் குரல் கழன்றுகொள்கிறது. அக்கா ராவுவதைத் தொடர்கிறார். “அவ்வளவுதான். இன்னைக்கு வாங்கமாட்டான்” என்று என்னிடம் சொல்லும்போது முகத்தில் திருப்தி.

ஐம்பத்து மூன்று வயது. பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, பாதி செட்டாகவோ முழு செட்டாகவோ திருப்பி அனுப்புவதுதான் தொழில். முப்பது வருடமாகச் செய்கிறார். எத்தனையோ பேர் அவர் செய்த பல்லால் மென்றுகொண்டிருக்கிறார்கள். ஒருவர் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் அச்சைக் கையில் எடுத்ததும், “இந்த மனுசன் ஒரு பக்கமாவே மெல்லுறார்” என்பார். “இந்தம்மா தூக்கத்துல பல்லைக் கடிக்குது, வீட்டுல ஏதோ சரியில்ல” என்பார். அவருடைய பட்டறைக்கு மேல் மாடியில் நான் குடியிருக்கிறேன். ராவும் இயந்திரத்தின் ‘ங்ங்’ என்ற ஒலிதான் எனக்குக் காலை அலாரம்.

உடம்பில் எப்போதும் ஒரு வெள்ளைப் பூச்சு. புருவத்தில், காது மடலில், கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் எல்லாம் பிளாஸ்டர் தூசி. டீ குடிக்கும்முன் டம்ளரின் விளிம்பை ஊதிவிட்டுத்தான் வாயில் வைப்பார். மற்றவர் வீட்டு டம்ளரையும் அப்படித்தான் ஊதுவார். அதனால் ஒன்றிரண்டு வீடுகளில் மனஸ்தாபமும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பட்டறையின் முன்னறையில் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்படும். பங்குச் சந்தையில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு வகுப்பு. கட்டணம் கிடையாது. ஒரு கோடு போட்ட நோட்டு கொண்டுவர வேண்டும். மூன்று மாதம் நிஜமாக எதையும் வாங்கக் கூடாது. வாங்கியதாக நோட்டில் எழுத வேண்டும், விற்றதாக எழுத வேண்டும், ஏன் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். ஃபோனில் பேசிய டாக்ஸிக்காரர் இரண்டாவது மாதத்தில் இருக்கிறார்; பொறுக்க முடியாமல்தான் கேட்டார். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் மூன்றாவது வாரமே காணாமல் போய்விடுவார்கள். அக்கா வருத்தப்படமாட்டார். “நோட்டுலயே பொறுமை இல்லாதவன் காசுல எப்படிப் பொறுமையா இருப்பான்? போனது நல்லதுதான்.”

நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் நான் இதுவரை மூன்று முறை போண்டியாகியிருக்கிறேன்.

வகுப்பில் அவர் எந்தப் பங்கின் பெயரையும் சொல்லமாட்டார். எது ஏறும் என்று கேட்டால், “தெரிஞ்சா நான் ஏன் ஊரார் பல்லை ராவிக்கிட்டு இருக்கேன்?” என்பார். சொல்வதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அடுத்த வருடம் தேவைப்படும் காசை எடுத்துக்கொண்டு வராதே. இறங்குகிறதே என்று அதையே திரும்பத் திரும்ப வாங்கிச் சேர்க்காதே. ஜெயித்த அன்று சீக்கிரம் மூடிவிட்டுக் காலாற நடந்துவிட்டு வா. தோற்ற அன்றும் அதையே செய். இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசியில் அந்த மூன்றாவது கேள்விக்கு வந்து நின்றுகொள்வார். ஒவ்வொருவரும் எழுந்து, நஷ்டப்பட்டதை வீட்டில் சொல்வது போல் சொல்லிக் காட்ட வேண்டும். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தன் மாமியாரிடம் சொல்வதாக நடித்து, பாதியிலேயே நிஜமாக அழுதுவிட்டாள். எங்களுக்கெல்லாம் இது அக்காவின் ஒரு கிறுக்குத்தனம் என்றுதான் தோன்றும். அவர் ஒரு காலத்தில் பெரிதாக நஷ்டப்பட்டிருக்கிறார் என்பது தெரியும். மற்றது தெரியாது.

அது தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

அக்காவுக்கு ஒரே தங்கை. நாலு தெரு தள்ளி வீடு. தங்கையின் கணவர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் மெஷின் ஓட்டியவர். செய்தித்தாளைப் படித்து முடித்ததும் பழைய மடிப்பிலேயே மடித்து வைக்கிற ஆள். பால் பாக்கெட்டை வெட்டினால் மூலை துண்டாகக் கீழே விழக் கூடாது, ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. போன வருடம் அச்சகம் அந்தப் பிரிவையே மூடிவிட்டு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பியது. அந்தத் தொகையோடு அவர் அக்காவின் வகுப்புக்கும் இரண்டு ஞாயிறுகள் வந்தார். நோட்டில் எழுதச் சொன்னபோது சிரித்தார். வீட்டில் சொல்லிக் காட்டச் சொன்னபோது, “அதெல்லாம் எனக்கு வேணாம்க்கா” என்று கூச்சத்தோடு உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது ஞாயிறு வரவில்லை.

பிறகு ஃபோனில் ஏதோ ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறார். முகமே காட்டாத ஒருவர் அதில் தினமும் தன் லாபத்தைப் படம் பிடித்துப் போடுவாராம். அவர் சொன்னதை வாங்கி, முதல் மாதம் நிஜமாகவே லாபம் வந்தது. வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. அதன்பின் முழுப் பணமும் கட்டாமல், ஒரு பகுதியை மட்டும் பிணையாகக் கட்டிப் பல மடங்கு வாங்குகிற வழிக்குப் போயிருக்கிறார். அதில் ஏறினால் மடங்கு மடங்காக ஏறும், இறங்கினாலும் அப்படித்தான். இறங்கியது. சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று மேலும் வாங்கினார். இன்னும் இறங்கியது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கைக்குத் தெரிந்ததெல்லாம், மனிதர் பதினைந்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, கேட்டால் வெயில் என்கிறார் என்பது மட்டும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தங்கையின் ஃபோன் வந்தபோது நான் பட்டறையில் நின்றிருந்தேன். அக்கா அப்போதுதான் ஓர் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, குமிழி போகத் தட்டிக்கொண்டிருந்தார். கை முழுக்கப் பிளாஸ்டர் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். “ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார்க்கா. ஒரு மணி நேரமாச்சு. தட்டுனா பேசமாட்டேங்குறார்.” தங்கையின் குரல் அடங்கி, யாரோ தூங்குவதைக் கலைக்கக் கூடாது என்பது போல் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அக்கா அச்சை அப்படியே வைத்தார். இன்னும் பத்து தட்டு தட்டாவிட்டால் அது வீண். திரும்பிப் பார்க்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் ஒன்றுமே பேசவில்லை. என் தோளைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகிக்கொண்டே வந்தது. இறங்கிய பிறகு பார்த்தால் சட்டையில் ஐந்து வெள்ளை விரல்கள்.

வீட்டு நடையில் தங்கை நின்றிருந்தாள். கதவை உடைக்கலாமா, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா என்று என்னிடம் கேட்டாள். அக்கா கையமர்த்திவிட்டுக் கதவில் காதை வைத்தார். உள்ளே மின்விசிறிச் சத்தம். கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. அதைக் கேட்டதும் அக்கா மூச்சை விட்டார். கதவைத் தட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

“தம்பி, நான்தான். கதவைத் தொறக்கச் சொல்ல வரல. உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்.”

அக்கா அவசரப்படவில்லை. நடையின் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ கதை சொல்வது போல் பேச ஆரம்பித்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பட்டறைக்குப் பீங்கான் பல் சுடுகிற சூளை ஒன்று வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துச் சந்தையில் போட்டாராம். எட்டே வாரத்தில் எல்லாம் போனது. அதைத் தன் கணவரிடம் சொல்ல எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் கணவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, இனி தாங்காது என்று சொல்லிவிட்டார்.

“அவர் நகவெட்டிய கீழ வச்சுட்டு, ‘அவ்வளவுதானா?’ன்னார். ‘தினமும் குழாயைத் தொறந்து வச்சுக்கிட்டு நீ உள்ள என்ன பண்றன்னு தெரியாம, உனக்கு ஏதோ பெரிய வியாதி, என்கிட்ட மறைக்கிறன்னு நெனச்சுட்டேன்’னார். எட்டு மாசமா அந்த மனுசன் நான் சாகப் போறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கார், தம்பி. காசு போனதை நான் மறைச்சேன். அவரு அழுததை என்கிட்ட மறைச்சார்.”

எனக்கு அந்த மூன்றாவது கேள்வி அன்றுதான் புரிந்தது. தங்கை சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளும் இதை முதல் முறையாகக் கேட்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

உள்ளிருந்து குரல் வந்தது.

“என்னால அந்த ஃபோனைப் பாக்க முடியலக்கா.”

“பாக்க வேணாம். என்கிட்ட குடுங்க. நான் பாக்குறேன்.”

மின்விசிறி சுற்றியது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு நாலு விரற்கடை அளவு திறக்க, அதன் வழியே ஒரு கை வந்து ஃபோனை நீட்டியது. வாங்கியதும் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் மட்டும் மறுபடி விழவில்லை.

கடவு எண்ணை அவர் உள்ளிருந்து சொன்னார். அக்கா பார்த்தார். முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. ஆனால் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். பிற்பகலுக்குள் இன்னும் பணம் கட்டச் சொல்லித் தரகு நிறுவனத்திலிருந்து செய்தி வந்திருந்தது. கட்டுவதற்கு மிச்சமிருந்தது தங்கை மகளின் படிப்புக்கென்று வங்கியில் போட்டிருந்த வைப்புத்தொகை மட்டும்தான். அதை உடைப்பதற்கான விண்ணப்பம் அதே ஃபோனில் பாதி நிரப்பப்பட்டு நின்றிருந்தது.

“தம்பி, சுத்தமாச் சொல்லிடுறேன். இப்ப எல்லாத்தையும் வித்தா, அச்சகத்துல குடுத்ததுல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடும். மிச்சம் நிக்கும். படிப்புக் காசு தொடாம நிக்கும். விக்கட்டுமா? நீங்க சரின்னு சொல்லாம நான் தொடமாட்டேன்.”

“நாளைக்கு ஏறுச்சுன்னா?”

“ஏறட்டும். அது ஏறும்போது நீங்க அதுல இருந்தே ஆகணுமா?”

உள்ளிருந்து ஏதோ பதில் வந்தது. அக்கா, “கேக்கல, சத்தமா” என்றார்.

“சரிக்கா. வித்துடுங்க.”

அக்கா திரையில் விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வைத்தார். காய்ந்த பிளாஸ்டர் விரல்நுனியில் ஓடு போல் ஒட்டியிருந்தது. அந்தக் கண்ணாடிக்கு அது விரல் என்றே தெரியவில்லை. கட்டைவிரலை நாக்கில் வைத்துப் பார்த்தார், ஏப்ரனில் தேய்த்துப் பார்த்தார். நான் அழுத்தட்டுமா என்றேன். வேண்டாம், தம்பி தன்னிடம்தான் கொடுத்தார் என்றார். தங்கை ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்து, அக்காவின் ஆள்காட்டி விரலைக் குழந்தைக்குத் துடைப்பது போல் துடைத்துவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாக விற்றார். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும், “ஒண்ணு முடிஞ்சுது… ரெண்டு முடிஞ்சுது…” என்று கதவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“அஞ்சும் முடிஞ்சுது. இனி உங்களுக்கு அங்க ஒண்ணும் இல்ல. இப்ப வீட்டுல சொல்லணும். அவ இங்கதான் நிக்கிறா. காதுல விழுந்திருக்கும், ஆனா நீங்கதான் சொல்லணும்.”

அவர் சொல்ல முயன்றார். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் “வந்து…” என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. நாலாவது முறை சொல்லிவிட்டார். நல்ல வாக்கியம் என்று சொல்ல முடியாது. தொகை, தேதி, மன்னிப்பு எல்லாம் தலைகீழாகக் கலந்து வந்தது. தங்கை முழுவதையும் கேட்டாளா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

“மொதல்ல வெளிய வாங்க. உங்க முகத்தைப் பாக்கணும்” என்றாள்.

கதவு திறந்தது. இரண்டு வாரத் தாடியோடு ஒரு மனிதர் நின்றார். தங்கை அவர் கையைப் பிடித்து அடுப்பறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். அக்கா தரையிலேயே இருந்தார். எழுந்திருக்கக் கை கொடுத்தேன். “இரு, காலு மரத்துப் போச்சு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கன்னத்துத் தூசியில் இரண்டு கோடுகள் இறங்கின.

இதோடு முடித்துவிட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் அந்தப் பங்குகள் ஏறின. அதற்கடுத்த நாளும் ஏறின. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், நடந்ததைக் கேள்விப்பட்ட டாக்ஸிக்காரர் விடவில்லை. ஒரு நாள் பொறுத்திருந்தால் போனதில் பாதி திரும்பியிருக்குமே, அப்படியென்றால் அக்கா செய்தது தப்புதானே என்று கேட்டார். அக்கா மழுப்பவில்லை. தானும் புதன்கிழமை விலையைப் பார்த்ததாகவும், பார்த்ததும் வயிற்றெரிச்சலாக இருந்ததாகவும், அந்தக் கோபத்தில் ஒரு முன்பல்லைத் தேவைக்கு அதிகமாக ராவிக் கெடுத்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார்.

“ஆனா செவ்வாய்க்கிழமை காலைல எனக்குப் புதன்கிழமை தெரியாதே. உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரியாதுதான்” என்றார் டாக்ஸிக்காரர். இருந்தாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. நோட்டில் வெகுநேரம் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். அக்காவும் அவரைச் சமாதானப்படுத்த முயலவில்லை. வகுப்பு அன்று பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது.

தங்கையின் கணவர் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டார். அவரே தேடிப்போய், திருமண அழைப்பிதழ் அடிக்கும் சிறிய அச்சகம் ஒன்றில் வேலைக்குச் சொல்லி வைத்தார். சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. அடுத்த மாதம் முதல் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் செய்தியைத் தங்கை ஃபோனில் சொன்ன புதன்கிழமை, அக்கா பட்டறையைப் பாதியில் பூட்டிவிட்டுப் புறப்பட்டார். என் ஸ்கூட்டர்தான். இந்த முறை வழியெல்லாம் வாய் ஓயவில்லை. என் ஓட்டுதலைக் குறை சொன்னார், சாலைக் குழிகளைத் திட்டினார், ஒரு மருத்துவர் அனுப்பிய மோசமான அச்சைப் பற்றி முழுதாக ஒரு தெரு நீளத்துக்குப் பேசினார்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கதவு ஒருக்களித்திருந்தது. தங்கை உதட்டில் விரலை வைத்து எங்களை உள்ளே விட்டாள். கூடத்துச் சோஃபாவில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, ஒரு கால் கைப்பிடிக்கு வெளியே தொங்கியது, குறட்டை சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் இப்படித்தான், சாப்பிட்டதும் விழுந்துவிடுகிறார் என்றாள் தங்கை ரகசியமாக. “முன்னெல்லாம் இந்தக் குறட்டைக்காக எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். ஜன்னல் வழியாக வந்த வெயில் சோஃபாவின் முதுகிலிருந்து மெல்ல நகர்ந்து, அவர் நெற்றியைத் தொட்டு, கண் இமைக்கு வந்தது. அவர் முகத்தைச் சுளித்தார். குறட்டை ஒரு கணம் தடுமாறியது. அக்கா அடிமேல் அடி வைத்துப் போய் ஜன்னல் திரையை இழுத்தார். கம்பியில் எங்கோ வளையம் சிக்கியிருக்க வேண்டும். விட்டதும் திரை பின்னால் ஓடியது. மறுபடி இழுத்தார். மறுபடி ஓடியது. மூன்றாவது முறை இழுத்தவர், விடவில்லை. தங்கை கொண்டுவந்த டீயை அங்கேயே ஜன்னல் விளிம்பில் வைக்கச் சொல்லித் தலையாலேயே சைகை காட்டிவிட்டு, கையை உயர்த்தித் திரையைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.